பின்கயிற்றுக்காரி

சின்னவளுக்கு நாற்பத்து நான்கு வயது. வீட்டில் இரண்டே பெண்கள், அவள் இரண்டாவது. பிறந்த அன்று கிடைத்த பட்டத்தைத் தலை நரைத்த பிறகும் யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மாடியில் குடியிருக்கும் அக்கா அப்படித்தான் கூப்பிடுவாள். கணவரும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு மாதத்துக்கு ஒருமுறைதான் கோபம் வரும்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. முன்னறையில் குளிர்சாதனம், ஆள் உயரக் கண்ணாடி, சுழலும் நாற்காலி எல்லாம் இருக்கும். திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போனால் லென்ஸ் வெட்டும் அறை. அங்கே மேசை விளக்கும், தேய்க்கும் இயந்திரமும், இயந்திரத்தின் தண்ணீர் தெறித்து வெளுத்துப்போன சுவரும் உண்டு. வட்டமாக வந்து இறங்கும் லென்ஸை, வாடிக்கையாளர் விரும்பி எடுத்த பிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. கொஞ்சம் கூடுதலாகத் தேய்ந்தால் லென்ஸ் ஆடும். குறைந்தால் பிரேம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவள் பொருத்திய லென்ஸ் ஆடுகிறது என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை. இது வீட்டு ஆட்கள் சொல்வதல்ல, கடைக்காரரே சொல்வார்.

அந்த அறையில் அவள்தான் மூத்தவள். அவளுக்குக் கீழே வேலை பழகும் பெண் ஒருத்தி இருந்தாள். அந்தப் பெண் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்ப்பாள், தொட்ட பிறகு இன்னொருமுறை பார்ப்பாள். எதற்குப் பார்க்கிறாள் என்று சின்னவள் யோசித்ததில்லை.

சின்னவளிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸாரி சொல்வாள். தன் தவறானாலும் சொல்வாள், யாருடையது என்று தெரியாவிட்டாலும் சொல்வாள். கடைப் படியில் வழுக்கி முழங்காலை முறித்துக்கொண்டபோது, கட்டுப்போட்டவரிடம் தொந்தரவு கொடுத்ததற்காக ஸாரி சொன்னாள். வீட்டுக்கு வந்து ஊன்றுகோல் கைதவறி விழுந்ததும் ஊன்றுகோலிடம் சொன்னாள்.

"விடுடி" என்றாள் அக்கா.

அக்கா அதை நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தட்டு உடைந்தபோதும் சொன்னாள், பரீட்சையில் தவறியபோதும் சொன்னாள், முதலில் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டபோதும் சொன்னாள். ஒருத்தி ஸாரி என்பதும் இன்னொருத்தி விடுடி என்பதும் அந்த வீட்டில் மூச்சை இழுத்து விடுவது மாதிரி நடந்துகொண்டிருந்தது.

காலில் கட்டுடன் சின்னவள் வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் கணக்கர் வந்து சேர்ந்தார். அக்கா வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். ஐம்பதை நெருங்கியவர், பேனா மூடியைத் திறந்தால் மூடிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார். அக்காவின் மேசை அருகே வந்து நின்றார்.

"உங்க தங்கச்சி வீட்டுல சும்மாத்தானே இருக்காங்க, மேடம்?"

"சும்மா இல்ல. கால்ல கட்டோட இருக்கா."

"அதான் மேடம். கை சும்மாத்தானே இருக்கு."

அவர் கேட்டது ஒரு கேமுக்கு ஆள். கம்ப்யூட்டரில் பலர் சேர்ந்து விளையாடும் படகு விளையாட்டு அது. தொடங்கிப் பதினெட்டு வருடமாகிறது. படங்கள் எல்லாம் கட்டம் கட்டமாக, சோப்பை அடுக்கிச் செய்த கடல் மாதிரி இருக்கும். புதிய விளையாட்டுகள் வந்து ஊரே அவற்றின் பின்னால் போன பிறகும், இருபது பேர் மட்டும் இதைவிட்டு நகராமல் ஞாயிறுதோறும் மாலையில் கூடினார்கள். தங்களுக்குக் 'கரையேறாதவர்கள்' என்று பெயரும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குள் வயது கணக்கில்லை. யார் முதலில் பதிந்தார்களோ அவரே மூத்தவர். முதல் வருடமே பதிந்தவர் பெரியப்பா. அவருக்குப் பின் வந்தவர்கள் வரிசைப்படி சித்தி, அண்ணன், அக்கா என்று இறங்குவார்கள். கடைசியாக வந்தவருக்குக் கடைக்குட்டி என்று பெயர். வீட்டில் பேரன் எடுத்தவரானாலும் இங்கே கடைக்குட்டி கடைக்குட்டிதான். கணக்கர் மூன்று வருடமாகக் கடைக்குட்டியாக இருந்தார். அவருக்குப் பிறகு யாரும் பதியவில்லை. ஆகவே அவரே ஆள் பிடிக்கக் கிளம்பியிருந்தார்.

அக்கா அன்றே தன் பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து மாடியிலிருந்து இறக்கி வைத்தாள். சின்னவள் பதிந்த அந்த நிமிடத்தில் கணக்கர் சின்னண்ணன் ஆனார். பகலில் அக்காவுக்கு மேடம் போட்டுக்கொண்டிருந்தவர், மாலையில் அவள் தங்கையை ஹெட்போன் வழியாக அழைத்தார்.

"பாப்பா, சின்னண்ணன் பேசறேன். பயப்படாத. எதுவா இருந்தாலும் என்னைக் கேளு."

"சரிங்க சின்னண்ணா. ஸாரி, இதுல எதை அமுக்கணும்?"

"அதை மட்டும் கேக்காத. அது பெரியப்பாவுக்குத்தான் தெரியும்."

பெரியப்பாவுக்குக் கனத்த குரல். ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு இறக்கி வைப்பார். நரைத்த மீசையும் சாய்வு நாற்காலியுமாக ஒரு மனிதரைச் சின்னவள் மனதில் வரைந்து வைத்திருந்தாள். மூன்றாவது வாரம் அவர் நீரோட்டத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"டேய், ஈரத் துண்ட மறுபடியும் கட்டில்லயே போட்டிருக்க பாரு."

"போம்மா, கடல்ல இருக்கேன்" என்றார் பெரியப்பா.

பதினோரு வயதில் பதிந்தவராம். இப்போது இருபத்தொன்பது. சின்னவள் மனதிலிருந்த மீசையை அழித்தாள். மரியாதையை அழிக்கவில்லை.

அவளுக்குச் சிரமமாக இருந்தது விளையாட்டு அல்ல, பேச்சு. அவர்கள் பேசியது தமிழ்தான், சொற்கள் எல்லாம் தெரிந்தவைதான். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் அவள் இல்லாத ஒரு வருடம் உட்கார்ந்திருந்தது. "பாத்து, வாளி மாதிரி ஆயிடப்போவுது" என்று யாராவது சொல்வார்கள். இருபது பேரும் சிரிப்பார்கள். சின்னவளும் சிரிப்பாள், ஒரு நொடி தாமதமாக. அப்படிச் சிரிப்பது பெரிய வேலை. மற்றவர்கள் ஆரம்பித்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும், அவர்கள் நிறுத்துவதற்குள் தொடங்க வேண்டும், நிறுத்திய பிறகு தன் குரல் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. என்ன வாளி என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை பெருங்கடவு, கடலைக் குறுக்கே கடக்கும் பயணம். திறந்த கடலில் நீரோட்டம் படகுகளைப் பிரித்துவிடும் என்பதால் எல்லாப் படகுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் கட்டிக்கொண்டு போவார்கள். கடைசியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு வரும். அந்த இடத்தில் கயிற்றை விட்டுவிட வேண்டும். முன்னாலேயே விட்டால் படகுகள் சிதறும், பிந்திவிட்டால் ஒன்றையொன்று இழுத்துப் பாறையில் போய் மோதும். பனிமூட்டத்தில் பின்னால் வருகிறவர்களுக்குக் கண் தெரியாது. தலைப் படகில் நிற்கும் பெரியப்பா பார்த்துச் சொல்வார், அவர் குரலுக்குக் கயிறு விடப்படும். பெருங்கடவில் மூழ்கிய படகு மூழ்கியதுதான், பதிவே அழிந்துவிடும். மறுபடி விளையாட வேண்டுமென்றால் புதிதாகப் பதிந்து வரிசையின் கடைசியில் வந்து நிற்க வேண்டும். சித்தி ஒரு காலத்தில் பெரியம்மாவாக இருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் மூழ்கி, கடைக்குட்டியாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக ஏறிச் சித்தி வரைக்கும் வந்திருக்கிறார்.

கயிறு இரண்டு. தலைப் படகை மற்றவற்றோடு இணைப்பது முன்கயிறு, அது சின்னண்ணன் கையில். மற்றப் படகுகளை ஒன்றோடொன்று இணைத்துக் கடைசிப் படகில் முடிவது பின்கயிறு, அது வழக்கமாகக் கடைக்குட்டிக்கு. ஆனால் அதற்கு முன் பயிற்சித் தண்ணீரில் இரண்டு முறை சோதித்துப் பார்ப்பார்கள். பயிற்சித் தண்ணீரில் எத்தனை முறை மூழ்கினாலும் எதுவும் அழியாது. சோதனையில் தேறாதவர்களுக்குக் கரைக்காவல். கரைக்காவல் என்றால், எல்லோரும் போன பிறகு கரையில் நின்று, கரை அங்கேயே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது.

சின்னவளுக்குப் படகு வேண்டும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அக்கா கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். "என் தங்கச்சி கடல்ல இருக்கா. பின்கயிறு." கேட்டவர்கள், கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது போல என்று எடுத்துக்கொண்டு வாழ்த்தினார்கள். அக்கா வாழ்த்தை ஏற்றுக்கொண்டாள்.

முதல் சோதனை. படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சின்னவள் ஒரு கையால் கயிற்றுக்கான விசையை அமுக்கிப் பிடித்திருந்தாள். இடுக்கு நெருங்கும்போது மிதந்து வந்த ஒரு பீப்பாயை அவள் படகு இடித்தது. லேசான இடிதான், பீப்பாய்கூட அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஐயோ, ஸாரி பெரியப்பா" என்றாள் சின்னவள்.

"விடு" என்றார் பெரியப்பா.

சின்னவளுக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய மனிதர், இவ்வளவு அவசரத்திலும்.

"இல்ல பெரியப்பா, நான் பாத்திருக்கணும்."

"விடும்மா."

"நீங்க சொல்றீங்க. எனக்குத்தான் மனசு கேக்கல."

"விடு, விடு, விடு."

"எல்லாருமே அக்கா மாதிரி பேசறீங்க" என்றாள் சின்னவள், கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

சின்னண்ணன் முன்கயிற்றை விட்டிருந்ததால் தலைப் படகு மட்டும் தப்பியது. கடைசிப் படகுகள் நடுப் படகுகளை இழுத்தன. மிச்ச வரிசை முழுவதும் கதவு திரும்புவது மாதிரி மெதுவாகத் திரும்பி, பாறையில் போய்ச் சாத்திக்கொண்டது.

"பாப்பா" என்று பெரியப்பா கேட்டார், "விடுன்னா என்ன?"

"ஆறுதல் சொன்னீங்க" என்றாள் அவள்.

பதினெட்டு வருடத்தில் அந்தச் சொல் ஒருமுறையும் இப்படிக் கெட்டதில்லை. காரணம் எளிது. அங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை, ஆகவே யாருக்கும் ஆறுதல் தேவைப்பட்டதில்லை. விடு என்றால் கயிறு. அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது வீட்டுக்கு வீடு தெரிந்திருந்தும், கடலுக்கு வந்தால் எல்லோரும் அதைக் கரையில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

கீழ்வீட்டில் அன்று சாப்பாட்டு நேரத்தில் இதுதான் பேச்சு. கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். நாள் முழுவதும் பிறர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உயிரோடு வீடு திரும்புவது அவர் தொழில்.

"என் வண்டியில நான் 'விடு'ன்னா கிளட்ச்சத்தான் விடுவாங்க. இதுவரைக்கும் யாரும் மனசத் தேத்திக்கிட்டதில்ல" என்றார்.

"அவ மனசு அப்படி. உங்க கிளட்ச்சுக்கு அது புரியாது" என்றாள் அக்கா, மாடியிலிருந்து இதற்காகவே இறங்கி வந்து.

"ஸாரிக்கா, ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. இப்ப கரைக்காவல்னா உனக்குத்தான் அசிங்கம்."

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு, சொல்ல வந்த சொல் எது என்று தெரிந்து, மூடிக்கொண்டாள்.

கட்டு அவிழ்ந்து அவள் கடைக்குத் திரும்பிச் சில நாட்களாகியிருந்தன. மறுநாள் லென்ஸ் வெட்டும்போது சின்னவள் வழக்கம்போல ஒரு பேச்சுப் பேசினாள். "இது திங்கட்கிழமை மூக்குடா சாமி" என்றாள். கடைக்காரர் திரைக்கு அந்தப்புறமிருந்து சிரித்தார். பழகும் பெண்ணும் சிரித்தாள், ஒரு நொடி தாமதமாக. சின்னவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, திங்கட்கிழமை மூக்கு என்ற பேச்சு எப்படி வந்தது, அன்றைக்கு வந்த வாடிக்கையாளர் யார், அவர் பிரேமை எப்படி மாட்டிப் பார்த்தார், கடைக்காரர் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் விளக்கினாள். முழுசாகக் கேட்டபோது அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஆனால் அன்று மாலை அந்தப் பெண் அவள் முகத்தைப் பார்க்காமலே இயந்திரத்தைத் தொட்டாள்.

அடுத்த ஞாயிறு கரையேறாதவர்கள் கூடியதும் சித்திதான் ஆரம்பித்தார்.

"வார்த்தைய மாத்திடலாம்."

"எதுக்கு சித்தி? பதினெட்டு வருஷமா விடுன்னா விட்டுட்டுத்தானே இருக்கோம்."

"'கழட்டு'ன்னு வச்சுக்கலாமே."

"நாளைக்கு யாராவது என்னைக் கழட்டி விட்டுட்டாங்கன்னு அழுவாங்க."

"'அவுத்துடு'?"

"இங்க பொம்பளைங்க நாலு பேர் இருக்கோம்" என்றார் சித்தி.

"'அறு'ன்னா சுருக்கமா இருக்கு."

"தண்ணில போற நேரத்துல உனக்கு வாயில நல்ல வார்த்தையே வராதா?"

எல்லோரும் அவரவர் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் சின்னவள் தொண்டையைச் செருமினாள்.

"ஸாரி, நான் ஒண்ணு சொல்லலாமா? இங்க எனக்குக் கீழ யாரும் இல்ல. அதனால நான் யாருக்கும் 'விடு'ன்னு சொல்ல முடியாது, 'விடுங்க'ன்னுதான் சொல்லணும். 'விடு' கயித்துக்கு இருக்கட்டும். ஆறுதல் சொல்லணும்னா எல்லாரும் 'விடுங்க'ன்னு சொல்லிக்கலாம்."

பெரியப்பா யோசித்தார். "அப்ப உனக்கு ஆறுதல் சொல்லணும்னா?"

"'விடுங்க'ன்னே சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"கடைக்குட்டிக்குப் போய் 'ங்க' போடறதா" என்றார் பெரியப்பா. முப்பதை எட்டாத அவருக்கு நாற்பத்து நாலு வயதுக்காரியை மரியாதையாகக் கூப்பிடுவது கூச்சமாக இருந்தது. ஆனாலும் வேறு வழி தெரியாததால் ஒப்புக்கொண்டார். கூடவே தன் பங்குக்கு ஒரு விதி சேர்த்தார். "கயிறு கட்டினதுலேந்து கடக்கற வரைக்கும் யாரும் ஸாரி சொல்லக் கூடாது. தப்பு பண்ணினா பண்ணிட்டு சும்மா இருங்க."

இந்த விதி இருபத்தொரு பேருக்கும் பொதுவென்றாலும், எழுதப்பட்டது ஒருத்திக்காக. அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்ததும் சமையலுக்கு முன் தனியாக, கேமே தரும் ஆளில்லாப் படகுகளைக் கட்டிக்கொண்டு பயிற்சித் தண்ணீரில் இறங்குவாள். துணிக்குப் போடும் கிளிப் ஒன்றை உதடுகளில் மாட்டிக்கொள்வாள். இடிப்பாள், மூழ்குவாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். மறுபடி இறங்குவாள். சொல்வதற்கு ஆள் இல்லாததால் எந்த இடத்தில் விடுவது என்று தெரியாது, ஆகவே தினமும் மூழ்கினாள். மாவு பிசைந்த கையோடு வந்து அக்கா ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, வாய்ல கிளிப்பு?"

"ம்" என்றாள் சின்னவள்.

"கேட்டா இதுக்கும் ஸாரி சொல்லுவ. இருக்கட்டும்" என்று அக்கா கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

இரண்டாவது சோதனையில் பீப்பாய் மட்டுமல்ல, சித்தியின் படகையே உரசினாள். கிளிப் அசையவில்லை. பெரியப்பா "விடு" என்றார். விட்டாள். எல்லோரும் கடந்தார்கள்.

"பின்கயிறு உனக்குத்தான்" என்றார் பெரியப்பா.

பெருங்கடவு நாள் வந்தது. காலின் கட்டு எப்போதோ அவிழ்ந்திருந்தாலும் அக்கா ஒரு முக்காலியைக் கொண்டுவந்து முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தாள். கணவர் வகுப்பை முன்னதாகவே முடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காருவது அவருக்குப் பழக்கம். சின்னவள் கிளிப்பை மேசைமேல் வைத்தாள். கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் போதும் என்று நினைத்தாள்.

கடல் நன்றாகத்தான் இருந்தது. பாதி தூரம் தாண்டி, மூட்டம் கவிந்த நேரத்தில் பெரியப்பாவின் அம்மா அறைக்குள் வந்துவிட்டார்.

"கேஸ்காரர் வந்திருக்காருடா, சில்லறை எங்க வச்ச?"

"பீரோ மேல இடது பக்கம்" என்று சொல்லிக்கொண்டே பெரியப்பா படகை இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்ப வேண்டிய இடம் அது. முன்கயிறு விறைத்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாப் படகுகளும் அவர் பின்னால் திரும்பத் தொடங்கின.

பிறகு அந்தக் கனத்த குரல், எடை எல்லாம் இறங்கிப்போய், ஒரு பையனின் குரலாகக் கேட்டது.

"தப்பாத் திருப்பிட்டேன். என் தப்புதான். ஸாரி."

அந்த மனிதருக்கு யாரும் ஆறுதல் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது என்று இருபது பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருத்திக்கு மட்டும் தெரியும். நாற்பது வருடமாக வாங்கி வைத்திருந்த சொல் அது, கேட்காமலே வாய்க்கு வந்துவிட்டது.

"விடுங்க பெரியப்பா" என்றாள் சின்னவள்.

சின்னண்ணன் கவனமான மனிதர். கரையிலிருந்து கிளம்பிய நேரம் முதல் விரலை முன்கயிற்றின் விசையிலேயே வைத்திருந்தார். 'விடு' வரை அவர் கேட்டார். 'ங்க' அவர் காதுக்கு வந்து சேர்ந்தபோது முன்கயிறு தண்ணீரில் கிடந்தது.

"யாருடா விட்டது?" என்றார் பெரியப்பா. தலைப் படகு தனியாகப் போய்ப் பாறையில் மோதியது. பெருங்கடவில் மூழ்கியவர் பேசக் கூடாது என்பது அவர் போட்ட விதிதான். அவர் மைக் அணைந்தது.

"நானா?" என்றார் சின்னண்ணன். "நான் விட்டுட்டேனா? பாப்பாதானே சொல்லுச்சு?"

தலைப் படகின் இழுப்பு இல்லாமல் போனதும் மற்றப் படகுகள் தடுமாறி நேராயின. இன்னும் கட்டுண்டபடிதான் இருந்தன. பின்கயிறு சின்னவள் கையில். இடுக்கு எங்கோ முன்னால், மூட்டத்துக்குள்.

"எப்ப விடணும்?" என்று அவள் கேட்டாள்.

மறுபடி கேட்டாள். "சித்தி, எப்ப விடணும்?"

"பெரியப்பா சொல்லுவார்ல" என்றார் சித்தி. "நான் பாத்ததில்லம்மா. சொன்னா விடுவோம், அவ்வளவுதான்."

"அண்ணா?"

"எனக்குத் தெரியும்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் ஓர் அண்ணன். "இப்ப யோசிச்சா தெரியல."

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். பதினேழு வருடம், பதினான்கு வருடம், பன்னிரண்டு வருடம் கடந்தவர்கள். ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறார்கள், ஒருவரும் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. பார்த்தவள் அங்கே ஒருத்திதான். அவளும் தாண்டும்போது பார்க்கவில்லை. தினமும் மாலையில், கிளிப்பும் வாயுமாக, அங்கே போய் மூழ்கியிருக்கிறாள். மூழ்குவதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். கடற்பறவைகளின் சத்தம் நின்றுவிடும். அது நின்ற பிறகு விட்டுப் பயனில்லை என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். நிற்பதற்குச் சற்று முன் விட்டால் என்ன ஆகும் என்பது மட்டும் தெரியாது.

இத்தனை பேச்சில் பறவை எங்கே கேட்கும்.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க" என்றாள் சின்னவள்.

மூடினார்கள். அவள் ஸாரி சொல்லவில்லை. பக்கத்திலிருந்த கணவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அக்கா முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஹெட்போனில் பறவைகள் கூடைக்காரிகள் மாதிரி கத்திக்கொண்டிருந்தன. பிறகு சத்தம் கொஞ்சம் மெலிந்தது. இன்னும் ஒன்றிரண்டுதான் கத்தின.

"விடறேன்" என்றாள். விட்டாள்.

படகுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக, இடுக்குக்குள் நுழைந்தன. அந்தப்புறம் கடல் மட்டமாக, ஒன்றுமே நடக்காதது போலக் கிடந்தது.

சித்திதான் முதலில் வாய் திறந்தார். "வாளி மாதிரி ஆயிடும்னே நெனச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. "அது என்ன வாளி?" என்று கேட்டாள்.

சித்தி பத்து நிமிடம் விளக்கினார். அதில் சிரிக்க ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலையில் கிடங்கில் கணக்கர் அக்காவின் மேசை அருகே வந்து, பேனாவை மூடிக்கொண்டு நின்றார். "உங்க தங்கச்சி 'விடுங்க'ன்னாங்க, மேடம். எனக்கு 'விடு'ன்னுதான் கேட்டுச்சு."

"அவ தெளிவாத்தான் சொல்லியிருப்பா" என்றாள் அக்கா. அவ்வளவில் நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் கிடங்கின் மற்றவர்களிடம் சொன்னாள். கேட்டவர்கள், கப்பல் கரை சேர்ந்ததா என்று விசாரித்தார்கள். சேர்ந்தது என்றாள்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் கூடியபோது வரிசையின் கடைசியில் ஒரு புதிய பதிவு இருந்தது. வணக்கம் சொன்ன குரல் பழையது. கனமும் பழையதுதான், இறக்கி வைக்கும் வேகம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது.

யாருக்கும் எப்படிக் கூப்பிடுவது என்று வரவில்லை. ஓர் அண்ணன் "பெரி" என்று தொடங்கி நிறுத்தினார். "வா, கடைக்குட்டி" என்று சித்திதான் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன் அந்தப் படியில் நின்றவர் அவர்.

"வந்துட்டேன், சித்தி." பிறகு ஒவ்வொருவராக வணக்கம் சொல்லிக்கொண்டே வந்து, தனக்கு நேர் மேலே இருந்தவளிடம் வந்து நின்றது அந்தக் குரல். "அக்கா."

சின்னவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். "சொல்லு தம்பி" என்றாள். சொன்ன பிறகு தன் வாயைத் தானே பார்க்க முடியாததால் எதிர்ச்சுவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் தப்பாத் திருப்பி உங்க எல்லாரையும் பாறைக்கு இழுத்துட்டேன். கயிறு விட்டதாலதான் தப்பிச்சீங்க. ஒரு வாரமா அதேதான் மண்டையில ஓடுது. ஸாரிக்கா."

சின்னவள் பதில் சொல்ல வாயெடுத்து, நிறுத்தினாள். முதலில் திரையைப் பார்த்தாள். படகுகள் எல்லாம் துறையில் கட்டிக் கிடந்தன. வரிசை இன்னும் கோக்கவில்லை, முன்கயிறும் பின்கயிறும் சுருட்டித் தரையில் இருந்தன.

"சின்னண்ணா" என்றாள், "உங்க கை எங்க இருக்கு?"

"மடியிலதான்மா வச்சிருக்கேன்" என்றார் சின்னண்ணன்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள். பிறகு கடைக்குட்டியிடம் திரும்பி, "விடு தம்பி" என்றாள்.